பழகுகிறவன் முன்னால் எந்த சிலிண்டரை நிறுத்துகிறீர்கள்?

திருவனந்தபுரத்தில் டிங்கரிங், கிரில், ஏசி பட்டறைகள் நடத்திவரும் தமிழ் ஆசான்மாருக்கு,

சாக்கையிலோ தனுவச்சபுரத்திலோ, எல்லை தாண்டி நாகர்கோவில் கோணத்திலோ ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்கிற பையனுக்கு ஓராண்டுப் பாடத்திட்டம் இருக்கிறது. எந்த வாரம் எந்தப் பயிற்சி, எந்தத் தகட்டில் என்ன இணைப்பு என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. அங்கே போக வாய்ப்பில்லாதவன், போனாலும் பாதியில் விட்டவன், வீட்டுச் சூழலால் உடனே கூலி தேடுகிறவன், கிள்ளிப்பாலம், கரமனை, பாப்பனங்கோடு, நேமம், பாலராமபுரம் என்று சாலையோரமாக இருக்கும் உங்கள் பட்டறைகளுக்கு வருகிறான். அவனுக்குப் பாடத்திட்டம் நீங்கள்தான். உங்கள் கொட்டகையில் எந்த சிலிண்டர் நிற்கிறதோ அதுதான் அவன் படிக்கும் புத்தகம். எரிவாயுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ அறிவோ அவனுக்குக் கிடையாது. அதனால்தான் இந்த மடலை அவனுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் குறை இதுதான். விலை மலிவு, எங்கும் கிடைக்கிறது என்ற இரண்டு காரணங்களுக்காக, பல பட்டறைகளில் டி.ஏ. (கரைத்து அடைத்த அசிட்டிலின்) சிலிண்டர் நின்ற இடத்தில் இப்போது எல்.பி.ஜி. நிற்கிறது. வெட்டுவதற்கும் சூடாக்குவதற்கும் அது போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதிதாக வருகிற பையனும் அதே எல்.பி.ஜி. டார்ச்சில்தான் முதன்முதலாகக் கை வைக்கிறான். இரும்பு வெட்டப் பழகுகிறான், பித்தளைக் கம்பியை ஓடவிடப் பழகுகிறான். ஓரிரு ஆண்டில் அவனுக்கு கேஸ் வெல்டர் என்று பெயரும் வந்துவிடுகிறது. அவன் இரும்பை இரும்போடு உருக்கிச் சேர்த்ததே இல்லை என்பது அவனுக்கும் தெரியாது, அவனை வேலைக்குக் கூப்பிடுகிறவருக்கும் தெரியாது. வெட்டுவதற்கு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பழகுகிறவன் கையில் ஆக்சிஜன்–அசிட்டிலின் டார்ச்சைத்தான் கொடுக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் வெப்பக் கணக்கைப் பாருங்கள், ஏனென்றால் இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்.பி.ஜி.க்காக வாதாடுவார்கள். ஒரு கன மீட்டர் அசிட்டிலின் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 55 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும், எல்.பி.ஜி.யில் கலந்திருக்கும் புரொப்பேனில் அதே அளவுக்கு 93 கிடைக்கும். இதைக் கேட்டால் புரொப்பேனே கெட்டி என்று தோன்றும். ஆனால் வெல்டிங்கில் மொத்த வெப்பம் பெரிதில்லை, அது எந்த இடத்தில் வெளிப்படுகிறது என்பதுதான் பெரிது. நாசில் நுனியில் தெரியும் சிறிய உள்கூம்பில் அசிட்டிலின் சுமார் 19 மெகாஜூலைக் கொட்டுகிறது. புரொப்பேன் அங்கே கொடுப்பது சுமார் 10 மட்டுமே. மீதி முழுவதும் வெளிச்சுடரில் பரவிப் போகிறது. சுடரின் உச்ச வெப்பநிலையும் அசிட்டிலினுக்கு 3,100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க, புரொப்பேனுக்கு 2,800 அளவில் நின்றுவிடுகிறது. தகட்டின் ஒரு புள்ளியை மட்டும் சட்டென்று உருக்கி, பக்கத்தில் இருக்கும் பகுதியை வளையாமல் காப்பாற்ற வேண்டிய வேலைக்கு, பரந்து சுடும் தீ உதவாது. தண்டவாளத் துண்டைச் சிவக்கக் காய்ச்ச வேண்டுமென்றால் அதே பரந்த தீ மிக நல்லது.

இரண்டாவது, சுடரின் ரசாயனம். ஆக்சிஜனும் அசிட்டிலினும் சமன்பட்ட நியூட்ரல் நிலையில் அசிட்டிலின் சுடரின் உள்கூம்பிலிருந்து வெளிவருவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இரண்டும் ஆக்சிஜனுக்குப் பசித்தவை. உருகிய இரும்பின் மேல் அவை போர்வையாக நின்று, காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பைத் தொடுமுன் தாங்களே அதைப் பிடித்து எரிந்துவிடுகின்றன. ஃபிளக்ஸ் எதுவும் போடாமல் மைல்டு ஸ்டீல் தகட்டை கேஸில் வெல்டு செய்ய முடிவது இதனால்தான். எல்.பி.ஜி. சுடரில் ஹைட்ரஜன் பங்கு மிகுதி, ஆகவே நீராவி மிகுதி. வெப்பம் போதவில்லையென்று பையன் ஆக்சிஜனைத் திருகிக் கூட்டுவான். உடனே சுடர் ஆக்சிஜன் மிகுந்ததாக மாறி, உருகிய இரும்பு பொரிந்து நுரைத்து ஓட்டை ஓட்டையாக உறையும். பார்வைக்கு ஒட்டியதுபோல இருக்கும். வண்டி நான்கு மாதம் குலுங்கினால் வாய் பிளக்கும். அப்போது நீங்கள் பையனைத் திட்டுவீர்கள். அவன் கையில் பிழையில்லை. அவனுக்குக் கொடுத்த வாயுவால் அந்த வேலை ஆகாது.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அசிட்டிலின் சுடர் தன் நிலையைக் கண்ணுக்குக் காட்டும். ஆக்சிஜனைத் திறக்குமுன் மஞ்சளாகக் கரி பறக்கும். அசிட்டிலினைக் கூட்டக் கூட்டக் கரி நிற்கும். ஆக்சிஜனை மெல்லத் திறந்தால் வெள்ளை உள்கூம்பைச் சுற்றி இறகுபோல ஓர் இரண்டாம் கூம்பு நீளும். அந்த இறகு இருக்கும்வரை கார்பன் மிகுதி. அந்தத் தீயில் இரும்பை உருக்கினால் இணைப்பு கடினப்பட்டு நொறுங்கும். இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் கொடுக்க, இறகு சுருங்கி உள்கூம்புக்குள்ளேயே மறைந்து, கூம்பின் முனை மழுங்கலாக, விளிம்பு தெளிவாக நிற்கும். அதுதான் நியூட்ரல். அதையும் தாண்டித் திருகினால் கூம்பு குட்டையாகிக் கூர்மையாகும், சீறல் சத்தம் ஏறும். இந்த மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் ஒரு பையனுக்குக் காட்டிவிடலாம். எல்.பி.ஜி.யில் இந்த இறகு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. எங்கே நியூட்ரல், எங்கே தாண்டினோம் என்று பழகிய கையே தடுமாறும். இன்று உங்களிடம் வந்து நிற்கிறவன் மார்த்தாண்டத்துப் பையனாகவும் இருக்கலாம், மலையாளமும் தமிழும் தெரியாத வங்காளத்துப் பையனாகவும் இருக்கலாம். இரண்டாமவனிடம் நீங்கள் பேசி விளக்க முடியாது. சுடரைக் காட்டலாம், அவன் பார்த்துக்கொள்வான்.

சுடரைச் சரிசெய்யத் தெரிந்த பின் அவனுக்குக் கம்பியைக் கொடுத்துவிடாதீர்கள். 2 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். உள்கூம்பின் முனை தகட்டிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க, டார்ச்சை 60 முதல் 70 டிகிரி சாய்த்துப் பிடித்து, கம்பியே இல்லாமல் ஒரு சிறு உருகிய குட்டையை உண்டாக்கி, அதை வலமிருந்து இடமாக நகர்த்திப் போகச் சொல்லுங்கள். நின்றால் ஓட்டை விழும், ஓடினால் குட்டை காய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலான வேகம் மணிக்கட்டில் ஏற நாட்கள் பிடிக்கும், பிடிக்கட்டும். அதன் பிறகு செம்பு பூசிய கம்பி. கம்பியைச் சுடரில் உருக்கிச் சொட்டவிடக்கூடாது, குட்டையில் தோய்க்க வேண்டும் என்ற வேறுபாடு, கம்பி இல்லாமல் குட்டையை நடத்திப் பழகியவனுக்குச் சொல்லாமலே விளங்கும். பித்தளை ஓட்டுவதிலிருந்து தொடங்கியவனுக்கு இது விளங்குவது கடினம். அவன் பழகியதே, தகடு உருகாமல் கம்பி மட்டும் உருகிப் படரும் வேலை. அதே பழக்கத்தில் இரும்புக் கம்பியையும் உருகாத தகட்டின் மேல் சொட்டவிடுவான். சோதிப்பது எளிது. இணைத்த துண்டை வைஸில் பிடித்து, அடிப்பக்கம் வெளியே விரியும்படி சுத்தியலால் மடக்குங்கள். விளிம்பு உருகாமல் மேலே படிந்த வேலை என்றால் இரண்டு அடியில் கோடாகப் பிளந்துவிடும்.

செலவுக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கும் கணக்கு இருக்கிறது. 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஏற்ற சிறிய நாசில் மணிக்கு 85, 90 லிட்டர் அசிட்டிலின் எடுக்கும். 6 கன மீட்டர் வாயு அடைத்த டி.ஏ. சிலிண்டர் ஒன்று, அந்தக் கணக்கில், டார்ச் தொடர்ந்து எரிந்தாலே 65 மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு பையன் ஒரு நாளில் சுடரை உண்மையாகப் பிடித்திருக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டாது. அப்படியென்றால் ஒரே சிலிண்டரில் அவனுடைய தொடக்கப் பயிற்சி முழுவதும் முடிந்துவிடும். ஆக்சிஜனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நியூட்ரல் சுடருக்கு அசிட்டிலின் ஒரு பங்குக்கு சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ ஒரு பங்கு ஆக்சிஜன் போதும். மீதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். புரொப்பேனோ நான்கு பங்கு ஆக்சிஜன் கேட்கும். எல்.பி.ஜி. பில்லில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி ஆக்சிஜன் பில்லில் போகிறது. இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

அசிட்டிலின் ஆபத்தானது, எல்.பி.ஜி. வீட்டிலேயே இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. அசிட்டிலின் ஆபத்தானதுதான், அதை மழுப்ப மாட்டேன். அழுத்தம் கூடினால் ஆக்சிஜன் இல்லாமலே தானாகச் சிதைந்து வெடிக்கும் வாயு அது. அதனால்தான் சிலிண்டருக்குள் நுண்துளைகள் கொண்ட பொருளை நிரப்பி, அசிட்டோனை ஊறவைத்து, அதில் வாயுவைக் கரைத்து அடைக்கிறார்கள். அந்த நுண்துளைப் பொருளை மேம்படுத்தியவர்களில் ஒருவரான சுவீடன் பொறியாளர் குஸ்தாஃப் டாலன், கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கி வால்வுக்காக 1912இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் அசிட்டிலின் சோதனை ஒன்றில் நேர்ந்த வெடிப்பில் இரண்டு கண்களையும் இழந்தார். வாயுவை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அன்று மிகச் சிலரே. எனவே விதிகளைச் சுருக்கக்கூடாது: ரெகுலேட்டரில் வெளியேறும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக்கூடாது, சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், படுக்கப்போட்டால் அசிட்டோன் வெளியேறும், செம்புக் குழாயில் இந்த வாயுவைக் கொண்டுபோகக்கூடாது. ஆனால் எல்.பி.ஜி.யை வீட்டுப் பொருள் என்று அலட்சியமாக நினைப்பது இதைவிடப் பெரிய பிழை. அது காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க நீங்கள் வெட்டி வைத்திருக்கும் குழி இருக்கிறதே, அதில் போய்த் தங்கும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டால் அது வெளியேற வழியே இல்லை. அசிட்டிலின் காற்றைவிடச் சற்று இலேசானது, கூரை இடுக்கில் ஏறிவிடும்.

இன்னொரு மலிவு வழியையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு டிரம்மில் கேஸ் எடுப்பது. நம் ஆசான்மாரில் மூத்தவர்கள் பலர் அதில்தான் பழகியிருப்பார்கள், இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த டிரம்மின் அழுத்தம் நிலையாக நிற்காது, வாயு ஈரமாகவும் கலப்போடும் வரும், சுடர் துடிக்கும். நியூட்ரல் எது என்று கற்றுக்கொள்ள வேண்டிய கண்ணுக்கு, துடிக்கும் சுடரைக் காட்டிப் பயனில்லை. பின்வாங்கிய தீ டிரம்முக்குள் போனால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்பைடை வைத்திருப்பதற்கே 1987ஆம் ஆண்டின் கால்சியம் கார்பைடு விதிகள் தனியாக இருக்கின்றன.

கேஸ் வெல்டிங்கே போய்விட்டது, எல்லாம் மிக் வெல்டிங் ஆகிவிட்டது, எதற்காகப் பழையதைப் பழக்குவது என்ற மறுப்புதான் இருப்பவற்றில் வலுவானது. புதிய கார்களின் உடல் உறுதி மிகுந்த ஸ்டீல் தகடுகளால் ஆனது. கேஸ் தீ பட்டால் அந்த உறுதி போய்விடும். அங்கே டார்ச்சைக் கொண்டுபோகக்கூடாது என்பதில் கார் கம்பெனிகள் சொல்வது சரி. ஆனாலும் பையன் நாளைக்கு டிக் வெல்டிங்குக்குப் போவான் என்றால், அங்கே அவன் செய்யப்போவது என்ன? ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, கண் உருகிய குட்டையின் மேல். இதை அப்படியே கற்றுத்தருவது அசிட்டிலின் டார்ச் ஒன்றுதான். ஆர்க் வெல்டிங்கில் கம்பி தானே கரைந்து போகும். மிக்கில் வயர் தானே வரும். இரண்டு கையையும் தனித்தனியாக ஆளவேண்டிய பாடம் அந்த இரண்டிலும் இல்லை. தும்பாவிலும் வலியமலையிலும் ராக்கெட் மையங்கள் இருக்கிற மாவட்டம் இது. ராக்கெட் எரிபொருள் தொட்டிகளின் அலுமினியக் கலவையையும், பால் பண்ணைக் குழாய்களின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் இணைக்க டிக் பயன்படுகிறது. வளைகுடா வேலைக்கான டெஸ்டில் நிற்கிறவர்களுக்கும் கூலியில் வித்தியாசம் காட்டுவது அந்தக் கைத்திறன்தான். டிக் மெஷினும் ஆர்கானும் வாங்கிப் பயிற்சி கொடுக்க உங்களில் எல்லோராலும் முடியாது. அதற்கு முந்திய படியைக் கொடுக்க முடியும்.

எல்.பி.ஜி.யை வெளியே போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏசிக்காரர்களின் செம்புக் குழாய் வேலைக்கு அது தாராளமாகப் போதும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், பாஸ்பரஸ் கலந்த பிரேசிங் கம்பி அதற்கு வெகு கீழே, 700, 800 டிகிரியிலேயே ஓடிவிடும். அங்கே அசிட்டிலின் கொடுத்தால் புதியவன் குழாயையே உருக்கிவிடுவான். கனத்த பட்டையை வெட்டவும், வளைந்த சேஸிஸைக் காய்ச்சி நிமிர்த்தவும் எல்.பி.ஜி.தான் பொருத்தம். பெரிய ஹீட்டிங் நாசிலை ஒற்றை டி.ஏ. சிலிண்டரில் மாட்டி இழுத்தால், சிலிண்டரில் உள்ளதில் மணிக்கு ஏழில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரம்பு மீறி அசிட்டோனும் கூடவே வந்துவிடும். ஆனால் எல்.பி.ஜி. வைத்தால் அதற்கான நாசில், அதற்கான ஹோஸ், அதற்கான ரெகுலேட்டர் வையுங்கள். அசிட்டிலின் ஹோஸையே மாட்டி ஓட்டுவது நம் பட்டறைகளில் சகஜம். அதன் ரப்பரை எல்.பி.ஜி. உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும். சமையலறையிலிருந்து வந்த 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைப் பட்டறையில் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஆணைப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு, தீப்பிடித்தால் காயம் பெரும்பாலும் பையனுக்கு.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வெல்டிங் பழக வருகிறவனுக்கென்று ஒரு டி.ஏ. செட் ஒதுக்குங்கள். அரக்கு நிற சிலிண்டரும் கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டரும் டிராலியில் சங்கிலி போட்டு நிமிர்ந்து நிற்கட்டும். இரண்டு பக்கமும் ஃபிளாஷ்பேக் அரஸ்டர் மாட்டுங்கள். நாசில் அடைத்துத் தீ பின்வாங்குவது பழகுகிறவன் கையில்தான் அதிகம் நடக்கும். கூலிங் கிளாஸ் போதுமென்று விடாமல் 5ஆம் எண் கறுப்புக் கண்ணாடி கொடுங்கள். கிரீஸ் படிந்த கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லி, கை துடைக்கச் சுத்தமான துணியும் சோப்பும் பக்கத்தில் வையுங்கள். டிங்கரிங் கொட்டகையில் இதைவிட அடிக்கடி மறக்கப்படும் விதி வேறில்லை. முதல் மாதம் வாடிக்கையாளர் வண்டியைத் தொட விடாதீர்கள், கழித்த தகட்டில் மட்டும் பழகட்டும். வாரக்கடைசியில் ஒரு துண்டை வைஸில் மடக்கிப் பாருங்கள், அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.

தனியாக ஒரு செட் வாங்க முடியாத சிறிய பட்டறைகள் இருக்கின்றன. ஒரே வரிசையில் நாலைந்து பட்டறை இருக்கிற இடத்தில், வாயு நிரப்பித் தருகிற ஏஜென்சியிடம் ஒருவர் பெயரில் எடுத்து, எல்லாப் பையன்களையும் நாள் பிரித்து அந்த ஒரே கொட்டகையில் பழக்கலாம். சிலிண்டரைப் பட்டறை பட்டறையாக ஆட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுபோகாதீர்கள், பையன்களே நடந்து வரட்டும். யார் கொட்டகை, எந்த நாள், பில்லை எப்படிப் பிரிப்பது என்பதை இந்த மாதத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலின் மேல் அக்கறையுள்ள ஒருவன்
திருவனந்தபுரம்